இல்லாதவன் கட்டும் வரி

நெம்மேலி குப்பம்
9.3.2003

அன்பு மகன் அரசுக்கு அம்மா சாந்தா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தங்கை அனு மூவரும் நலம். அங்கே உனக்கும் உன் ஓட்டல் முதலாளிக்கும் உடம்புக்கு ஒன்றும் வராதிருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன், அவர் படுத்துக்கொண்டால் உனக்கு வேலை கிடையாது என்பதால் அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

நீ போனில் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். விசா முடிந்த உனக்கு அமெரிக்காவில் தங்கக் காகிதம் தராதவர்கள் வரி கட்ட மட்டும் ஒரு நம்பர் தந்திருக்கிறார்கள் என்றதற்கு அவர் ஆச்சரியப்படவே இல்லை. நம் வீடு கடலோரப் புறம்போக்கில் இருக்கிறது, பட்டா கேட்டுப் போனால் அங்கே வீடே கிடையாது என்பார்கள், ஆனால் வீட்டு வரி வாங்க பஞ்சாயத்து பில் கலெக்டர் வருஷா வருஷம் வழி தவறாமல் வந்துவிடுகிறார். "கவர்மெண்டுன்னா எல்லா ஊர்லயும் அப்டித்தான் கீது" என்று சொல்லிவிட்டு அப்பா பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

உன்னோடு பாத்திரம் கழுவும் வாசுதேவன், வரி கட்டினால் விலாசம் தெரிந்து பிடித்து அனுப்பிவிடுவார்கள், நிறுத்திவிடு என்கிறானாம், நீ என்ன செய்ய என்று கேட்டாய். கட்டு என்றுதான் சொல்வேன். ரோட்டை அகலப்படுத்த வந்தபோது வீட்டு வரி ரசீது வைத்திருந்தவர்களுக்குத்தான் பின்னால் தள்ளி இடம் விட்டார்கள். "வர்றவனுக்கெல்லாம் டப்பு குடுத்துகினு இருக்க என்னால ஆவாது" என்று கட்டாமலிருந்த பக்கத்து வீட்டு எல்லம்மாள் வீடு போய், இப்போது மகள் வீட்டில் மருமகனுக்கு பயந்து சாப்பிடுகிறாள். நாளைக்கு உனக்கும் காகிதம் தரலாம் என்று அவர்கள் மனம் மாறினால், இத்தனை நாள் இங்கேதான் இருந்தேன் என்று காட்ட வேறு என்ன வைத்திருக்கிறாய். ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், பிடித்து அனுப்புவார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு பயம் வரவில்லை, அனுப்பட்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. உன் முகத்தைப் பார்த்து எட்டு வருஷம் ஆகிறது.

அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன, கடலுக்குப் போவதில்லை. முதியோர் பென்ஷனுக்கு எழுதிப் போடலாம் என்று தாலுகா ஆபீசுக்கு மனு வாங்கப் போனோம். மகன் இருந்தால் கிடைக்காதாம், இல்லை என்று எழுதிக் கொடுங்கள், யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்றார் அங்கிருந்தவர். நல்ல மனிதர்தான், பேனாவைக்கூட அவரே நீட்டினார். "இன்னா சார், கல்லாட்டம் புள்ள கீறான், அவன இல்லன்னு எய்தணுமா" என்று அப்பா எழுந்துவிட்டார், முழங்கால் வலியில் அவர் அத்தனை வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. பென்ஷன் வேண்டாம் என்று வந்துவிட்டோம். உன் சம்பளத்தில் பென்ஷனுக்கென்று பிடிப்பது உனக்குத் திரும்பி வராது என்றாயே, போகட்டும், யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சாப்பிடட்டும், அவருக்கும் முழங்கால் வலிக்கும். அந்த ஊர்க் கணக்கில்தான் நீ இல்லை, இங்கேயும் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் நீ எங்கேதான்டா இருப்பாய்.

அம்மன் துணையிருப்பாள், நல்லபடியாக இரு. ஏப்ரல் பதினைந்துக்குள் வரியைக் கட்டிவிடு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை.

உன் அம்மா,
சி. சாந்தா