அவர் வைத்த ஜன்னல்

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

ஹட்டனுக்குப் போய், பத்திரம் எழுதும் நொத்தாரிசைப் பார்த்து வந்தேன். எனக்குப் பிறகு இந்த வீடு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குச் சேர வேண்டும் என்று மரண சாசனம் எழுதப் போனேன். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விட்டுப்போகும் பிள்ளைகளை அங்கேதான் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டேன். எனக்கென்று ஒன்று பிறக்கவில்லை.

"வீட்டு உறுதிப் பத்திரம் கொண்டாந்தீங்களாம்மா?" என்றார் நொத்தாரிசு. என் பெயரில் வரும் கரண்ட் பில்லைக் கொடுத்தேன். அதுதான் உறுதி என்று நினைத்திருந்தேன். சாட்சிக்கு வந்த பக்கத்து வீட்டு லெட்சுமியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"இது தொழிலாளிங்களுக்குக் கட்டுன லயக் காம்பராம்மா. தோட்டத்துக்குச் சொந்தம். நீங்க எழுதிக் குடுக்க முடியாது."

"அக்கா பொறந்ததே அங்கதாங்க," என்றாள் லெட்சுமி.

அவர் பில்லைத் திருப்பிக் கொடுத்தார். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். காதுத் தோட்டைக் காட்டினேன். அதை விற்றுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கலாம் என்று எழுதிக்கொண்டார்.

நான் கொடுக்க நினைத்தது தோடு இல்லை. இருட்டாகக் கிடந்த இந்தக் காம்பராவின் சுவரை உடைத்து என் வீட்டுக்காரர் ஒரு ஜன்னல் வைத்தார். கினிகத்தேனையில் வாங்கி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் போன பிறகு தினமும் அதன் பக்கத்தில்தான் உட்காருகிறேன். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டுப் படிப்பதாக எத்தனை நாள் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது லெட்சுமியிடம் கேட்டேன், சுவர் தோட்டத்துடையதாகவே இருக்கட்டும், ஜன்னலை மட்டும் எழுதிவைக்க முடியாதா என்று. அவள் சிரிக்கவில்லை. இறங்கும்வரை யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"பிள்ளைக் காம்பராவுல கெழக்குப் பக்கம் ஜன்னலே இல்லீங்கக்கா."