பூதக்கண்ணாடி வாத்தியாருக்கு

கூர்மையான பார்வைக்குப் பேர்போன என் கணவருக்கு,

அக்கா வீட்டில்தான் இருக்கிறோம். சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கச் சொன்னால் நம் மகள் நாற்காலி போட்டு ஏறுகிறாள். அதனால் நேற்று கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

உங்கள் வகுப்பில் பிள்ளைகள் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து எறும்பின் கால் மடிப்பையும் இலையின் நரம்பையும் காட்டுகிறீர்கள். அதே வகுப்பில் படிக்கும் இவள் இலையை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்தபோது, "பாருங்கடா, இப்படித்தான் உத்துப் பார்க்கணும்!" என்று தலையில் தூக்கிவைத்து ஆடினீர்கள். பாவம், மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு இலையை மூக்கில் ஒட்டிக்கொண்டார்களாம். அதே பிள்ளை வீட்டில் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டால் மட்டும், "கண்ணு பின்னாலயா இருக்கு?" என்று கூரை அதிரக் கத்துவீர்கள்.

டாக்டர் கேட்டார்: "நாலடி தள்ளி நிக்கிறவங்க மூஞ்சியே இவளுக்குத் தெரியாதேம்மா. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

"இவ அப்பா கவனிக்கக் கத்துக்கொடுக்கிற வாத்தியார், சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். உங்கள் வீட்டில் நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

எறும்பின் முழங்கால் தெரிந்த மேதாவிக்குப் பெற்ற பிள்ளையின் கண் தெரியவில்லை.

இன்று மூக்குக்கண்ணாடி வந்தது. போட்டுக்கொண்டு வாசல்வரை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அம்மா, இனிமே அப்பா கதவத் தொறக்கும்போதே கோவமா இருக்காரான்னு தெரிஞ்சுடும்ல? ஒளிஞ்சுக்க நேரம் கிடைக்கும்ல?"

ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வருவதாக எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா