தொடர்பில் இருந்தோர்

டிசம்பர் 2

மழை விட்டு மூன்றாம் நாள். முற்றத்து வெள்ளம் வடிந்துவிட்டது; கிணற்றுத் தண்ணீர் மட்டும் இன்னும் கலங்கல்.

ரியூசனில் இன்று கொலறா பாடம். பற்றீரியா நம் உடற்கலத்துக்குள் நுழைவதே இல்லை என்று இரண்டு முறை சொன்னேன். பரீட்சையில் எல்லோரும் பிழை விடும் இடம் அது. முதலில் ஒரு நொதியத்தைச் சுரந்து குடலின் சீதப்படையைக் கரைக்கும். பிறகு சுவரில் ஒட்டிக்கொண்டு, வெளியே நின்றபடியே தொட்சின் என்ற நஞ்சை விடும்.

"அப்ப அது வாசல்லை நிண்டே ஆளைக் கொல்லுமோ ரீச்சர்?" ஆரணி கேட்டாள். ஓம் என்றேன்.

கொதித்தாறிய தண்ணீர் குடியுங்கோ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பச்சைத் தண்ணீர் குடித்தேன். ஒருத்திக்காக அடுப்பு மூட்ட மனம் வரவில்லை. அம்மா போன பிறகு எல்லாம் இப்படித்தான்.

டிசம்பர் 4

விடிந்ததிலிருந்து ஐந்து தடவை வயிற்றோட்டம். வாந்தியும். வகுப்பு இல்லை என்று செய்தி அனுப்பினேன்.

டிசம்பர் 7

ஆஸ்பத்திரி. தனி அறை. விரல்கள் இன்னும் இழுக்கின்றன, எழுத்து கோணல்.

அன்று பத்து மணிக்குப் பிறகு எண்ணவில்லை. வலியே இல்லை, கழுநீர் போல ஓடிக்கொண்டே இருந்தது. குளியலறை நிலத்தில் கிடந்தேன். கெண்டைக்கால் முறுக்கியது. கூப்பிடக் குரல் வரவில்லை. வந்திருந்தாலும் யாரைக் கூப்பிடுவது?

காலையில் போட்ட மோட்டரை நான் நிறுத்தவில்லை. தண்ணீர்த் தாங்கி வழிந்து அடுத்த வளவுக்குள் போயிருக்கிறது. அங்கே வாடகைக்கு இருக்கும் ஜெசிதா ஏச வந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பங்குக் கிணறு. குருநகர்ப் பெண், சந்தையில் மீன் வெட்டுகிறாள். ஒரு வருடமாகத் தலையை ஆட்டுவதோடு சரி. மீன் மணக்கிறது என்று அம்மா அந்தப் பக்க ஜன்னலைப் பூட்டச் சொல்லுவா. அம்மா போன பிறகும் நான் திறக்கவில்லை.

"ரீச்சர், தண்ணி வழிஞ்சு ஓடுது—" என்றது கேட்டது. பிறகு, "மாதாவே."

என்னைக் கழுவினாள். சட்டை மாற்றினாள். தூக்கி ஓட்டோவில் ஏற்றினாள்.

டிசம்பர் 8

பன்னிரண்டு வருடமாகப் படிப்பித்ததை இப்போது படுத்திருந்து யோசிக்கிறேன். தொட்சினின் ஐந்து துண்டு கலத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒன்று உள்ளே போகும். போய் அங்கே ஒரு சுவிச்சைப் போட்ட நிலையிலேயே இறுக்கிவிடும். கலம் குளோரைட்டை வெளியே தள்ளும், பின்னால் தண்ணீர் போகும். கலம் சாவதில்லை. நிறுத்த முடியாமல் கொட்டிக்கொண்டே இருக்கும். இதை நான் "நீரிழப்பு ஏற்படும்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன்.

சுகாதாரப் பரிசோதகர் வாகீசன் படிவத்தோடு வந்தார்.

"கடைசி அஞ்சு நாளிலை உங்களோடை ஆர் ஆர் சாப்பிட்டவை?"

"ஒருத்தரும் இல்லை."

"வீட்டிலை இருக்கிறவை?"

"ஒருத்தரும் இல்லை."

"ஆரும் வந்து போனவையோ?"

"இல்லை."

"நல்லதாப் போச்சு," என்று 'தொடர்பில் இருந்தோர்' என்ற பெட்டிக்குக் குறுக்கே கோடு கீறினார். நல்லதுக்குத்தான் சொன்னார். அவர் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

டிசம்பர் 9

வாகீசன் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"ஏன் ரீச்சர் மறைச்சனீங்கள்? அந்தப் பிள்ளை தானா வந்து நிக்குது. 'நான்தான் அவவைக் கழுவினனான், என்ரை பேரையும் எழுதுங்கோ' எண்டு."

நான் மறைக்கவில்லை. இதே கொப்பியில் அவளைப் பற்றி எழுதியிருந்தும், அவர் கேட்டபோது அவள் நினைவுக்கே வரவில்லை. இதை எப்படிச் சொல்வது?

அவளுக்கும் நேற்றிரவிலிருந்து வயிற்றோட்டமாம்.

கடவுளே, அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

டிசம்பர் 10

அவளுக்கும் கொலறாதான். என் அறையிலேயே அடுத்த கட்டில். நேரத்தோடு வந்ததால் சேலைன் ஒரு போத்தலோடு நின்றது. இனி ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் போதுமாம். நானே கலக்கிக் கொடுத்தேன்.

"உப்பும் சீனியும் இதுக்கு என்னத்தைச் செய்யும் ரீச்சர்?"

சொன்னேன். தொட்சின் எவ்வளவு குழப்பினாலும் ஒரு வாசலை அதனால் பூட்ட முடியாது. சீனியும் உப்பும் சேர்ந்து வந்தால் கலம் அவற்றை உள்ளே எடுக்கும், தண்ணீரும் கூடவே வரும்.

"உவ்வளவும் தெரிஞ்ச நீங்கள் ஏன் பச்சைத் தண்ணி குடிச்சனீங்கள்? நானெண்டால் வேலைக்கு ஓடுற அவசரத்திலை குடிச்சனான்."

"ஒருத்திக்காக என்னத்துக்கு எண்டு விட்டிட்டன்."

அவள் சிரிக்கவில்லை. கோப்பையைத் திருப்பித் தந்து, "நானும் ஒருத்திதான்," என்றாள்.

மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. படிவத்தில் அவளை மறந்ததைச் சொன்னேன். "அந்த நேரம் உங்களுக்கு நினைவே இல்லை," என்று மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமோ, களைப்போ.

டிசம்பர் 14

இருவரும் வீடு. கிணற்றுக்குக் குளோரின் போட்டாயிற்று.

டிசம்பர் 25

மத்தியானம் ஜெசிதாவோடு குருநகரில் அவளின் தாய் வீட்டுக்குப் போனேன். வரமாட்டேன் என்றுதான் சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையில் வந்து நின்றாள்.

சின்ன வீடு, பதினொரு பேர். இருக்க இடமில்லை. யாரோ ஒரு குழந்தை கேளாமலே என் மடியில் ஏறிவிட்டது. ஜெசிதாவின் தாய் நல்லம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"ஆர் பிள்ளை இது?"

"எங்கடை ரீச்சர், அம்மா. கொஞ்சமாத்தான் தின்னுவா, பாத்துப் போடுங்கோ."

நல்லம்மா இரண்டு தரம் சோறு போட்டா. இரண்டு தரமும் சாப்பிட்டேன்.