இரண்டு டிக்கெட் எடுத்த தாய்மாமன்

சங்கரன்கோவில்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் மாரிச்செல்வத்துக்கு அம்மா எழுதுவது. கோமதியம்மன் புண்ணியத்தில் இங்கே நான், அப்பா, வேல்விழி, அவள் பிள்ளை எல்லாரும் சுகம். போலந்தில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். சுகம் விசாரித்தது இத்தோடு போதும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதி, போட்டோ பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடைசி வரி வரைக்கும் படி.

போன வாரம் சாஸ்தா கோயிலில் நாங்கள் பட்ட கேவலம் உனக்கு முழுசாகத் தெரியாது. பிள்ளைக்கு மொட்டை போட்டு சந்தனம் தடவியாச்சு, காது குத்த ஆசாரி தயாராக உட்கார்ந்திருக்கிறார், கிடாக்கறியும் வெந்துவிட்டது, தாய்மாமன் மடியைத்தான் காணோம். ஒவ்வொருத்தராகக் கேட்கக் கேட்க, மதுரையில் இறங்கிவிட்டான், வந்துகொண்டே இருக்கிறான் என்று உன் அப்பா வாய் கூசாமல் பொய் சொன்னார். உன் தங்கச்சி மாமியார், எவ்வளவு நேரந்தான் பிள்ளைய அழவிடுவிய, எவன் மடியிலயாவது வச்சுக் குத்துங்க என்று சத்தம் போட, எங்க அண்ணன் மடியிலதான் குத்தணும், இல்லேன்னா குத்தவே வேண்டாம் என்று வேல்விழி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டாள். வந்த சனம் கறிச்சோற்றைத் தின்றுவிட்டு நம்மையும் சேர்த்து மென்றுவிட்டுப் போனது.

நீயோ அந்நேரம் நடுவழியில் ஏதோ ஒரு நாட்டு ஏர்போர்ட்டில் நிற்கிறாய். மதுரை வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுக்காமல், பாதி வழிக்கு ஒரு கம்பெனி, மீதி வழிக்கு வேறு கம்பெனி என்று தனித்தனியாக எடுத்தாயே, திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி நம்ம ஊர் பஸ் ஏறுகிற மாதிரி என்று நினைத்தாயா? தனி டிக்கெட் என்றால் முதல் கம்பெனிக்காரன் பெட்டியை அங்கேயே இறக்கிவிடுவானாம், வெளியே போய் எடுத்து அடுத்தவனிடம் கொடுக்கணுமாம், வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டுமாம். மாப்பிள்ளை பாண்டியராஜன் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. பெட்டி வெளியே சுற்ற, நீ உள்ளே நிற்க, அடுத்த விமானம் போய்விட்டது. எங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு கம்பெனிக்காரனும் கையை விரித்துவிட்டான். வெறும் கைப்பை என்றால் உள்ளேயே மாறி ஏறியிருக்கலாமாம். அந்தப் பெட்டியில் அப்படி என்னலே இருந்தது? தெரு பூராவுக்கும் சாக்லேட்! உன்னிடம் யார் கேட்டது? வெளிநாட்டுக்காரன் வெறுங்கையோடு வந்தான் என்று சொல்லிவிடுவார்கள் என்று நீயாகப் பயந்தாய். போன் சார்ஜரையும் அதே பெட்டியில் வைத்த மேதாவி நீ.

சரி, பட்டாச்சு, இனி புத்தி வந்திருக்கும் என்று நினைத்தேன். நேற்று உன் அப்பாவிடம், ஆவணியில காதுகுத்த வச்சுக்கிடுங்க, மறுபடியும் ரெண்டு டிக்கெட்டா போட்டு வாரேன், எங்கூட உள்ள பையன் அப்படித்தான் போனான், ஒண்ணும் கேக்கலை என்றாயாம். அவனைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டார்களே! அப்பா சரி சரி என்று தலையாட்டியிருக்கிறார், உனக்கும் சேர்த்து அவர்தான் இன்று என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஊர் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. உன் போன் அடிக்கவே இல்லை. விமானம் வந்துவிட்டது, நீ வரவில்லை. எந்த நாட்டில் இருக்கிறாய், பிடித்து வைத்திருக்கிறார்களா, சாப்பிட்டாயா, ஒன்றும் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பேன்? நம்ம ஊர் போலீஸ் ஸ்டேஷனிலா? திரும்பப் போலந்துக்கே போய்ச் சேர்ந்து நீ பேசுகிற வரைக்கும் உன் அப்பா வாசலை விட்டு உள்ளே வரவில்லை.

சங்கரலிங்க சுவாமியும் கோமதியம்மனும் உனக்குத் துணையிருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீ நல்லாயிருக்க வேண்டும். வருவதாக இருந்தால் ஒரே டிக்கெட், பெட்டி மதுரை வரைக்கும் வருமா என்று கேட்டுவிட்டு எடு. அதற்கு வழியில்லை என்றால் வராதே. வேல்விழி காலில் விழுந்தாவது நான் சம்மதிக்க வைக்கிறேன், பிள்ளைக்கு வேறு யார் மடியிலாவது காது குத்திக்கொள்கிறோம். என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்துமாரி