எட்டுத் திருகாணிகளில் இரண்டு

18.3.1998, புதன்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறக்கிச் சோதித்தார்கள். ஜனவரியில் புத்தரின் பல் உள்ள மாளிகையில் குண்டு வெடித்ததிலிருந்து தினமும் இதுதான். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று கண்டதும் சிப்பாய் ஒருவன் சாப்பாட்டுப் பெட்டியையும் திறக்கச் சொன்னான். புட்டைக் கிளறிப் பார்த்தான். அதற்குள் என்ன இருக்கும், தேங்காய்ப்பூவைத் தவிர?

ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் தியேட்டருக்குத் தாமதம். வடக்குச் சண்டையில் காயப்பட்டு வந்த சிப்பாய்கள் ஆறு பேர், ஒருவர் பின் ஒருவராக.

19.3

எப்படிச் செய்தேன்?

கழுவிய திருகாணிகளை அடுக்கும்போது பார்க்கிறேன் – டைட்டேனியப் பெட்டியில் இரண்டு கூடுதல், ஸ்டீல் பெட்டியில் இரண்டு குறைவு. நேற்று நான்காவதாக வந்த பண்டாரவுக்கு முழங்காலுக்குக் கீழே டைட்டேனியத் தகடு வைத்தோம், எட்டுத் திருகாணி. டாக்டர் சாஹுல் ஹமீது கை நீட்ட நீட்ட நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முடிவில் எண்ணினோம். எட்டு, சரி. எண்ணிக்கையில் உலோகம் தெரியாதே. குறைந்த ஸ்டீல் இரண்டும் அவன் காலுக்குள்.

தானமாக வந்த பெட்டியைத் திறந்த அன்றே அவர் சொன்னவர்: "ஞானேஸ்வரி மிஸ், டைட்டேனியத்த உடம்பு தன்னோட சேத்துக்கும். எலும்பு அதுலயே ஒட்டி வளரும். ஸ்டீலை மட்டும் கலந்துடாதீங்க. உடம்புக்குள்ள உப்புத் தண்ணி. ரெண்டும் தொட்டுக்கிட்டுக் கிடந்தா ஸ்டீல் அரிச்சு, சுத்தியுள்ள சதை புண்ணாகும்."

20.3

வீட்டில் இவரிடம் சொன்னேன். "வாயை மூடிக்கொண்டிரும். சிப்பாயின்ர காலுக்க பிழையான ஆணி வச்ச தமிழ் நேர்ஸ் எண்டுதான் சொல்லுவினம். தவறிப்போச்சு எண்டா ஆர் நம்பப்போறது?"

பயந்தாங்கொள்ளி மனுசன். அதைச் சொல்ல நான் யார்? நானும் வாய் திறக்கவில்லை.

6.4

பண்டாரவுக்குக் காய்ச்சல் இல்லை. சீழ் இல்லை. வார்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

12.5

எக்ஸ்ரே. எட்டில் இரண்டு மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று வெள்ளை. டாக்டர் எலும்பைத்தான் பார்த்தார். "நல்லா ஒட்டுது" என்றார்.

ஒட்டட்டும். சீக்கிரம் ஒட்டி அவன் வீட்டுக்குப் போகட்டும், இந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்தால் போதும்.

9.7

கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு ஒன்பது தேங்காய் நேர்ந்திருக்கிறேன், ஒரு சிப்பாயின் எலும்புக்காக. அம்மா படுக்கையில் கிடந்தபோதுகூட நேரவில்லை.

3.9

பண்டார தடியில்லாமல் நடந்து கிளினிக்குக்கு வந்தான். எலும்பு முழுதாக ஒட்டிவிட்டது. வெளியே வாங்கில் உட்கார்ந்து அவன் மனைவி சோமா அழுதுகொண்டிருந்தாள். கலஹா ஊர்ச் சிங்களத்தி. தேயிலைத் தோட்டத்து லயத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள், என்னோடு தமிழில்தான் பேசுவாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவினேன்.

"இல்ல மிஸ்ஸி. எலும்பு ஒட்டக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருந்தேன். அடுத்த வாரம் மெடிக்கல் போர்டு. கால் சரின்னா திரும்பச் சண்டைக்கு அனுப்பிருவாங்க. இவரோட போனவங்கள்ல ரெண்டு பேரு பொட்டியிலதான் வந்தாங்க."

நான் தேங்காய் நேர, அவள் போதிமரத்துக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். போட்டியில் என்ர பிள்ளையார் வெண்டிட்டார். எனக்கு ஏன் சந்தோசமில்லை?

4.9

உள்ளே இரண்டு உலோகம் கலந்திருக்கிறது என்று ஃபைலில் ஒரு வரி ஏறினால் தகட்டைக் கழற்றியே ஆகவேண்டும். கழற்றினால் எலும்பிலுள்ள துளைகள் மூட மாதக்கணக்காகும். அதுவரை சண்டைக்கு அனுப்பமாட்டார்கள்.

எழுதுவது யார்? நான்தானே. எனக்கென்ன விசரா? அவன் திரும்பிப் போனால் சுடப்போவது எங்கள் பக்கத்துச் சனத்தை. அதற்காகவா சொல்ல நினைக்கிறேன்? சோமாவுக்காகவா? தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

7.9

சொல்லிவிட்டேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆறு மாசமா தெரியுமா?"

"ஓம்."

"இப்ப ஏன் சொல்றீங்க?"

நான் ஃபைலை எடுத்து மேசையில் வைத்தேன். பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீங்களே எழுதி, சைன் வைங்க."

8.9

வீட்டில் இவர் என்னோடு கதைப்பதில்லை.

29.9

கழற்றினார்கள். ஆறு திருகாணியை எலும்பு விடவே மாட்டேன் என்றது, டாக்டருக்கு வியர்த்துவிட்டது. இரண்டைச் சுற்றி மட்டும் சதை கறுத்துக் கிடந்ததாம். எனக்கு வேறொருவர் சொன்னதுதான், தியேட்டருக்குள் என்னை விடவில்லை.

பண்டாரவுக்கு எட்டு மாதம் முகாமில் எழுத்து வேலை.

14.10

விசாரணை. மூன்று பேர். நடுவில் இருந்தவர் சிங்களத்தில் கேட்டார், வேண்டுமென்று செய்ததா என்று. இல்லை, தவறி நடந்தது என்றேன். எழுதிக்கொண்டார்கள். முடிவு தெரியும்வரை வேலைக்கு வரவேண்டாமாம்.

திருகாணி போட்டதைத்தான் கேட்டார்கள். அதை ஏன் சொன்னேன் என்று அந்த மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. அது வேண்டுமென்று செய்தது.