அந்த ஓடை கடல் சேருமா

ஜூலை 7, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. மூன்று நாள் துணி ஈரம். குழந்தை வாணிக்கு இருமல், காய்ச்சல் இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் என் கைதான் சுடுகிறது.

மாலையில் கீழ்வீட்டுப் பர்மியக்காரி டோ சான் படியடியில் நின்று கத்தினாள்: "தமீ! ஜெர்மனி!" தமீ என்றால் மகள். தெருவில் போன் அவள் வீட்டில்தான். என் புருஷனுக்கு அவளிடம் வேறு பெயர் கிடையாது. ஓடிப்போய் எடுத்தேன். மூச்சு வாங்கியது. என் மூச்சைக் கேட்கவா அவர் அவ்வளவு செலவழித்துக் கூப்பிடுகிறார்.

விஷயம்: வரும் ஆடி அமாவாசைக்கு மாமாவின் முதல் தவசம். மூத்த மகன் இவர்தான் எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். துரையால் வர முடியாது.

"இங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஓடை இருக்கு. அதுல நானே விட்டுடுறேன். அம்மாகிட்ட நீ பக்குவமாச் சொல்லிடு."

பக்குவம். அங்கே ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர் அவர். பக்குவம் பண்ணுவது மட்டும் நான்.

அத்தையிடம் சொன்னேன். வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஓடையா? அது கடலுக்குப் போவுதா?"

"தெரியாது அத்தை."

"கடல் சேராத தண்ணியில விட்டா உங்க மாமாவுக்குப் போய்ச் சேராது. குருக்களைக் கேட்டுக்க. எங்க பெரியப்பனுக்குக் குளத்துல விட்டுட்டு வந்தானுங்க. வருசம் பூரா கனவுல வந்து தாகம் தாகம்னு அழுதாரு." பிறகு என்னை நேராகப் பார்த்து: "நீதான் பூகோளம் படிச்சவளாச்சே. பாத்துச் சொல்லு. போவும்னா அங்கயே விடட்டும். போவாதுன்னா அவன் வரணும். அவ்வளவுதான்."

அவன் வரணும்.

இரவு இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

மழை விட்டு விட்டு. வாணி இருமல் குறைவு. கொசுவலையில் ஓட்டை, தைத்தேன்.

ஒளிக்க என்ன இருக்கிறது, என் நோட்டுதானே. அந்த ஓடை தேறக்கூடாது. அதுதான் என் ஆராய்ச்சி.

வந்தால் திரும்பிப் போக முடியாது, தெரியும். கப்பலில் வேலைக்குப் போய் ஒரு துறைமுகத்தில் இறங்கி அப்படியே நின்றுவிட்டவர். கையில் இருப்பது தற்காலிகக் காகிதம். அந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் அது செத்தது. நிரந்தரக் காகிதம் இன்னும் இரண்டு வருஷத்தில், மூன்றில், யாருக்குத் தெரியும். இங்கே விமான நிலையத்தில் இறங்கினால் என்ன கேட்பார்களோ, அதுவும் தெரியாது. இருந்தாலும் வரட்டும். அவர் போனபோது வயிற்றில் இருந்த பிள்ளை வளர்ந்து நாலு வயதைத் தொடுகிறது. அவளுக்கு அப்பா என்பது டோ சான் வீட்டுப் போன்.

கல்லூரி நில வரைபடப் புத்தகத்தை எடுத்தேன். கரையான் இன்னும் ஐரோப்பாவுக்கு வரவில்லை. ஜெர்மனி என் உள்ளங்கை அளவு. ரைன் இருக்கிறது. டான்யூப், எல்பே இருக்கின்றன. ரைனில் விழும் மைன்கூட மயிரிழையாக இருக்கிறது. அவர் போனில் பெயர் சொன்ன ஓடை, எர்லன்பாஹ், எங்கும் இல்லை. புத்தகத்தில் ஒரு கோடுகூடப் பெறாத தண்ணீர். ஐராவதியையும் சல்வீனையும் உபநதி உபநதியாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவள், இப்போது இதைத் தேடுகிறேன்.

ஜூலை 11, செவ்வாய்

இணையக் கடை. மின்சாரம் இல்லை, ஜெனரேட்டர் சத்தம். வாணியை அத்தையிடம் விட்டுப் போனதால் பாதி மனம் அங்கே. ஜன்னல் கம்பி, அடுப்பு, மாடிப்படி.

எர்லன்பாஹ் என்று தட்டினால் ஒன்று இல்லை, ஒரு டஜன் வந்தது. நம் ஊரில் மௌங் மௌங் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்குமே, அப்படி. எர்லன் என்பது ஏதோ மரமாம், அது கரையில் நின்றால் அந்த ஓடைக்கு அந்தப் பெயர். அதற்குமேல் பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை.

அதில் ஒரு ஓடைக்கு யாரோ ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருக்கிறான். எந்தக் குன்றில் பிறக்கிறது, எவ்வளவு உயரத்தில், வலப்பக்கம் எது வந்து விழுகிறது, இடப்பக்கம் எது, எந்த ஆலையை முன்பு சுற்றியது. ஆடு தாண்டும் அகலம் இருக்குமா? அதற்கு வலப்பக்கம் இடப்பக்கம் வேறு. வீட்டில் பிள்ளை குட்டி இல்லாத ஆளாக இருக்க வேண்டும்.

முழுவதும் படித்தேன். அவருடைய ஊர் அதில் இல்லை. வேறு எர்லன்பாஹ்.

ஜூலை 14, வெள்ளி

போன். நானே சொன்னேன்: லீவு நாளில் அந்த ஓடையை முழுக்க நடந்து பாருங்கள், பிறக்கிற இடத்திலிருந்து விழுகிற இடம்வரை.

"முழுக்கவா?"

"முழுக்க. அம்மா கேக்குறாங்க."

"இங்க யாருக்குமே சந்தேகம் வராது, எல்லாத் தண்ணியும் கடலுக்குத்தானே போவும்."

"எல்லாத் தண்ணியுமா? இன்லே ஏரியைக் கேளுங்க."

இன்லேயிலிருந்தும் ஆறு போகிறது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போனில் சொன்னது போனதுதான். அவருக்கு எங்கே தெரியப் போகிறது.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்தது. பாயசம் வைத்தேன், அடி பிடித்தது. காரணம் போன்.

நேற்று நடந்திருக்கிறார். குரலில் அப்படி ஒரு பெருமை. சொந்த நிலத்தைச் சுற்றிக் காட்டுகிற மிராசுதார் மாதிரி. டோ சான் பக்கத்திலேயே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு, ஒரு வார்த்தை தமிழ் புரியாமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அவர் சொன்னது:

காட்டுக்குள் ஒரு சரிவு. கீழே ஈர இலை. இலையை விலக்கினால் தண்ணீர் கசிகிறது. அதுதான் பிறப்பிடம். சுற்றிக் கல் வைத்துப் பலகை நட்டிருக்கிறார்கள். ("கசியுறதுக்குப் பலகையா?" "பலகையில உயரம்கூடப் போட்டிருக்கு." நம் குளியலறைச் சுவரும் கசிகிறது, உயரம் போடலாம்.)

பிறகு மாட்டு மேய்ச்சல். அங்கே ஒரே எட்டில் தாண்டலாம், தாண்டினாராம். பிறகு பழைய ஆலை ஒன்று, சக்கரம் நின்றுவிட்டது, வாசலில் பூந்தொட்டி. பிறகு அவருடைய ஊர். ஊருக்குள் வந்ததும் ஓடையைக் காணோம்.

"காணோம்னா?"

"குழாய்க்குள்ள விட்டிருக்காங்க. மேல கார் நிறுத்துற இடம்."

எனக்கு உள்ளே விளக்கு ஏற்றினாற்போல் இருந்தது. குழாய்! எள்ளைக் கொண்டுபோய்க் குழாயில் விடுவாரா? கார்களுக்கு அடியில் மாமாவா?

"அப்புறம் வெளிய வந்துடுது," என்றார். விளக்கு அணைந்தது. ஊரைத் தாண்டி, கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்துக்குப் பின்னால், இதைவிடச் சற்றே பெரிய ஒரு ஆற்றில் விழுகிறது. அதன் பெயரை மூன்று முறை சொன்னார், மூன்றும் வேறு வேறாக இருந்தது. அது மைனில், மைன் ரைனில், ரைன் வட கடலில்.

"ஆழம் எவ்வளவு?"

"நல்லாத்தான் இருக்கு."

"எவ்வளவு?"

"...கணுக்கால்."

அப்புறம் வாணியிடம் கொடுக்கச் சொன்னார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்பாவை "பேபே, பேபே" என்று பர்மியப் பிள்ளையாட்டம் கூப்பிட்டுப் பேசினாள். வைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்து சொன்னாள்: பேபே ஓடையில் ஒரு படகு விட்டிருக்கிறார். காகிதம் இல்லை, மரப்பட்டை. அதில் வாணி என்று கத்தியால் கீறியிருக்கிறார். அது வருகிறதாம்.

வருகிறதாம். காசு இல்லை, விசா இல்லை, மரப்பட்டை வருகிறது.

ஜூலை 19, புதன்

பேய் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். பசுண்டாங் ஓடையில் கடல் ஏற்றம் வந்தால் நம் தெருச் சாக்கடை வடியாது, எதிர்த்து மேலே வரும். செத்த எலி, செருப்பு, வாழைமட்டை, எல்லாம் வீடு தேடி வரும்.

கடைக்குப் போய்த் திரும்பினால் வாணி அந்தத் தண்ணீரில். இடுப்பளவு. தனக்கா மரச்சாந்து பூசின முகம், கையில் என் அரிசி வடிகட்டி. குனிந்து குனிந்து பார்க்கிறாள்.

"என்னடி பண்றே!"

"படகு வந்துட்டா? போயிடும்ல."

அடித்தேன். தூக்கிக்கொண்டு ஏறினேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன், வெந்நீர், மறுபடி சோப்பு. சிவந்துபோனாள். அத்தை சொன்னாள்: "போதும்டி, புள்ளை கரைஞ்சிடப் போவுது."

அந்தத் தண்ணீரில் என்னென்ன இருக்கும்: காலரா, எலிக் காய்ச்சல், கம்பி, கண்ணாடிச் சில்லு, திறந்த சாக்கடைக் குழி. ஒரு மனிதர் எங்கோ சுத்தமான காட்டில் உட்கார்ந்து கத்தியால் பட்டை கீறுவார். இங்கே நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சூடு இல்லை. இன்னும் இல்லை.

ஜூலை 21, வெள்ளி

காய்ச்சல் வரவில்லை.

விளக்கேற்றும் நேரம். மின்சாரமும் இல்லை, ஆகையால் அந்த ஒரு விளக்குதான். அத்தை கும்பிட்டுவிட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"பூகோளம் என்ன சொல்லுது?"

எல்லாம் தயாராக வைத்திருந்தேன். "ஊருக்குள்ள வந்ததும் குழாய்க்குள்ள போயிடுது அத்தை."

"நம்ம சாக்கடையும்தான் தெருவுக்கடியில குழாய்க்குள்ள போவுது. அங்கிட்டு வெளிய வராதா?"

"வராது."

சொல்லிவிட்டேன். குரல்கூட நடுங்கவில்லை. பட்டம் வாங்கிய குரல்.

அத்தை கண்ணை மூடித் திறந்தாள். "அப்ப வரச் சொல்லு."

அவ்வளவுதான். முடிந்தது. சந்தோஷம் வருவதற்குக் காத்திருந்தேன்.

வாணி பாயில் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பர்மிய மொழியில் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப என் படகு குழாய்க்குள்ளேயே இருக்குமா?"

அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "உள்ளே இருட்டா? அதுல விளக்கு இல்லையே. பேபே விளக்கு வைக்கலை."

"வெளிய வந்துடும்டி. தூங்கு."

"எப்படி?"

"குழாய் முடிஞ்சதும் வெளிய வரும். பக்கத்துல ஒரு ஆறு. அப்புறம் மைன். அப்புறம் ரைன், அது பெரிசு, கப்பலெல்லாம் போவும். அப்புறம் கடல்."

"எந்தக் கடல்?"

"வட கடல். அங்கிருந்து கீழே இறங்கி, ஆப்பிரிக்காவைச் சுத்தி, நம்ம இந்துமாக் கடல். அந்தமான். மார்த்தபான் வளைகுடா. நம்ம ஆறு, டாலா படகு போவுதே அது. அங்க திரும்பினா பசுண்டாங். ஏற்றம் வந்தா நம்ம தெரு."

எங்கும் ஒரு தப்பு இல்லை. எந்தப் பேராசிரியரும் மதிப்பெண் போடுவார்.

வாணி புரண்டு படுத்தாள். விளக்குப் பக்கமிருந்து அத்தையின் குரல்:

"ஏண்டி, எனக்குச் சொல்றது ஒரு பூகோளம், புள்ளைக்குச் சொல்றது ஒரு பூகோளமா?"

நான் கொசுவலையை இழுத்துவிட்டேன்.

"ஊரு உலகத்துல குருக்கள் இல்லாமலா உன்னைக் கேட்டேன்? நீ போவாதுன்னு சொல்லுவேன்னுதாண்டி கேட்டேன்." சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, தெரியவில்லை. "எனக்கும்தான் அவன் வரணும். உனக்குப் பொய்கூட ஒழுங்கா ஒரு பொழுது சொல்ல வரலை. என்ன படிச்சியோ."

பிறகு திரியைக் குறைத்தபடி: "புள்ளைகிட்டச் சொன்னதுதான் கணக்கு. அங்கயே விடச் சொல்லு."

இரண்டு பொய்க்காரிகளும் ஒரே பானைக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தோம்.

ஜூலை 25, செவ்வாய், ஆடி அமாவாசை

காலை இங்கே படையல். காக்கைக்குச் சோறு வைத்ததும் ஜன்னல் கறுத்துவிட்டது. இந்த ஊரில் காக்கைக்கு மட்டும் பஞ்சமில்லை.

மதியம் போன். அங்கே அப்போதுதான் காலை. அத்தையும் இறங்கி வந்தாள், படி படியாக, என் தோளைப் பிடித்து. முழுக்க முடித்துவிட்டாராம். குழாயைத் தாண்டி, ஓடை மறுபடி வெளியே வருகிற இடத்தில். வேட்டி இல்லை, கைலி. மேலே குளிர்ச் சட்டை. எள் ஒரு துருக்கிக்காரன் கடையில் வாங்கியது. நாயோடு வந்த ஒரு கிழவர் நின்று, இங்கே மீனுக்குத் தீனி போடக்கூடாது என்றாராம். எங்க அப்பாவுக்கு என்றாராம் இவர், கையால் வானத்தைக் காட்டி. கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றாராம்.

அத்தை போனைப் பிடுங்கினாள். "பிண்டத்தைக் காக்கா எடுத்துச்சா?"

"காக்கா இல்லைம்மா. வாத்து தின்னுச்சு."

"வாத்தா!"

"ரெண்டு வாத்து."

அத்தை போனைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள். "வாத்துமுட்டைன்னா உயிரை விடுவாரு அந்த மனுசன்." அப்புறம்தான் உடைந்தாள். டோ சான், ஒன்றும் புரியாமல், அவளுக்கும் சேர்த்து அழுதாள்.

என் முறை வந்தது. என்ன கேட்பது. "தண்ணி எவ்வளவு இருந்துச்சு?" என்றேன்.

"கணுக்கால்தான்." பிறகு: "ஜில்லுன்னு இருந்துச்சு. உன்கிட்டச் சொல்லணும்னு இருந்துச்சு."

லைன் போய்விட்டது.

கணுக்கால் தண்ணீர். அதற்குப் போய் இத்தனை ஆர்ப்பாட்டம், இத்தனை வரைபடம்.

இப்போது மாலை. மழை இல்லை. ஆனாலும் அமாவாசை ஏற்றம், சாக்கடை எதிர்த்து ஏறத் தொடங்கிவிட்டது. வாசற்படியில் முதல் படி முழுகியாயிற்று. வடிகட்டியைக் காணோம்.

வாணி இரண்டாம் படியில் உட்கார்ந்திருக்கிறாள். காலைத் தண்ணீரில் விடவில்லை, மேலே தூக்கி வைத்திருக்கிறாள். அந்த அளவுக்குச் சொன்ன பேச்சு கேட்டிருக்கிறாள். இழுத்து வர வேண்டும். பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, போய் உட்காருகிறேன்.