அவற்ற பேரைச் சொன்ன நாள்

1986 மார்கழி, செவ்வாய் இரவு.

விசா இல்லையெண்டு சுவிஸ் பொலிஸ் பிடிச்சு மறியலில அடைச்ச என்ர மனிசனை விட்டிட்டினமோ எண்டு கேக்க, ஓல்டன் ஸ்டேசனில நிண்டு மறியலுக்கு டெலிபோன் எடுத்தன்.

"பேரைச் சொல்லுங்கோ, விடுதலைப் பதிவில பாக்கிறன்" எண்டார் அதிகாரி.

கலியாணம் கட்டினதிலயிருந்து நான் அவற்ற பேரை வாயால சொன்னதில்லை. நேற்றும் இந்தக் கேள்வியோட போனை வைச்சிட்டன், நான் ஒரு விசரி. இண்டைக்குக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொல்லிப்போட்டன்.

"காலமையே விட்டாச்சு" எண்டார்.

வீட்டை ஓடி வந்தால், மனிசன் வாசல்படியில குளிருக்குள்ள குந்திக்கொண்டிருக்கிறார்.

"எங்க போனனீர்?"

"உங்கட பேரைச் சொல்லி மறியலில விசாரிக்க."

சிரிச்சார். "எங்க, எனக்கும் ஒருக்காச் சொல்லும்."

"போங்கோப்பா" எண்டு தேத்தண்ணி போடக் குசினிக்குள்ள ஓடிட்டன்.

இப்ப அவர் நல்ல நித்திரை. காதுக்குக் கிட்டப் போய் மெல்லச் சொல்லிப் பார்த்தன்.

"ஓம்" எண்டார், கண்ணைத் திறக்காமலே.